பிடிக்கத் தெரிந்தவருக்கு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கபடித் தடுப்பாட்டக்காரர் ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து கூடலூர் வரை சாலையோரச் சுவர்களில் மின்னொளிக் கபடிப் போட்டிக்கான சுவரொட்டிகள் வந்துவிடும். முதல் பரிசு, சுழற்கோப்பை, பரிசு வழங்கும் பெருமக்கள் என்று பெயர்கள் நிறைந்திருக்கும். நடுவில் படமாக இருப்பவர் பெரும்பாலும் பாடி வரும் ரைடர்தான். அவர் காலைப் பிடித்து நிறுத்தியவரின் முகம் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் படத்தில் தெரியாது. இந்த வழிகாட்டி அந்த முகம் தெரியாத ஆட்டக்காரருக்காக எழுதப்பட்டது.

அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்சிவ் லைன்மேன் என்று ஓர் இடம் உண்டு. நூற்றிருபது கிலோவுக்கு மேல் எடை கொண்டவர்கள் எதிரணி வரிசையை உடைத்துக்கொண்டு போய், பந்தை வைத்திருப்பவரை வீழ்த்துவார்கள். அங்கே அது கோடிகள் புரளும் தொழில். அதற்கு மிக நெருக்கமான வேலையை நம் ஊரில் கபடியின் கார்னரும் கவரும் செய்கிறார்கள். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே எடைக்கு உச்சவரம்பு கிடையாது. இங்கே ஆண்கள் பிரிவில் 85 கிலோவைத் தாண்டினால் களத்துக்குள்ளேயே போக முடியாது. வெறும் பருமனை வைத்துக்கொண்டு கபடியில் பிழைக்க முடியாது; பொழுதறிந்து பிடிக்கத் தெரிய வேண்டும்.

பொழுதறிவது ஓரிரு வருடத்தில் வந்துவிடாது. ரைடர் பதினெட்டு வயதிலேயே பெயர் வாங்கிவிடலாம். தடுப்பாட்டக்காரர் மெதுவாகத்தான் உருவாகிறார், ஆனால் உருவாகிவிட்டால் நெடுங்காலம் ஆடுகிறார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ரைட் கார்னர் தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர். புரோ கபடி லீக் தொடங்கிய 2014-இல் அவருக்கு வயது 39. இரண்டு வருடம் கழித்து 41 வயதில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே 2016-இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கும் அவர்தான் கேப்டன். பதினேழு வயதில் தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று மனம் விட்டுப்போகும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 1: எந்த இடத்தில் நிற்பது?

ஒரு பக்கம் ஏழு பேர். இடமிருந்து வலமாக லெஃப்ட் கார்னர், லெஃப்ட் இன், லெஃப்ட் கவர், சென்டர், ரைட் கவர், ரைட் இன், ரைட் கார்னர். இன்னிலும் சென்டரிலும் பெரும்பாலும் ரைடர்களே நிற்பார்கள். முழுநேரத் தடுப்பாட்டம் இரண்டு கார்னர்களுக்கும் இரண்டு கவர்களுக்கும் உரியது.

கார்னர் ரைடரின் காலுக்குக் காத்திருப்பவர். நீண்ட கை, உறுதியான விரல்பிடி, தரையோடு பாயத் தயங்காத மனம் இருந்தால் கார்னர் உங்களுக்கு ஒத்துவரும். கவர் ரைடர் திரும்பி ஓடும் வழியை மறிப்பவர். தோள் அகலம், நெஞ்சுரம், குறுக்கே அடியெடுத்து வைக்கும் வேகம் ஆகியவை அவருக்கு வேண்டும். முதல் ஒரு வருடம் இரண்டு இடத்திலும் நின்று பாருங்கள். உயரத்தை மட்டும் பார்த்து இடத்தை முடிவுசெய்யும் உள்ளூர் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. குள்ளமான பையன் அருமையான கார்னராக வருவதைப் பல திடல்களில் பார்க்கலாம்.

களத்தின் அளவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு, அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு, அதற்கும் 1.75 மீட்டர் பின்னால் எல்லைக் கோடு. ஒரு கார்னரின் வாழ்க்கை முழுவதும் அந்த 1.75 மீட்டருக்குள்தான். பின்னால் ஒரு கால் அதிகம் வைத்தால் அவுட், முன்னால் ஓரடி அவசரப்பட்டால் தொடப்பட்டுவிடுவீர்கள்.

படி 2: களமும் குழுவும்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் முதல் போகத்துக்கு ஜூன் மாதத்தை ஒட்டித் திறக்கப்படும். இரண்டாம் போகம் அறுத்து முடிந்த பிறகு அடுத்த நாற்றங்கால் வரை வயல் சும்மா கிடக்கும். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், புதிதாகத் தொடங்குபவருக்கு ஏப்ரல், மே மாதங்களைவிட நல்ல காலம் இல்லை. நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு மூலையில் களம் போடுங்கள். வயல் மண் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். உழுது, கட்டி உடைத்து, சலித்த மணல் கலந்து, தினமும் விளையாடும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த வேலையைச் சோம்பல்பட்டுத் தட்டிக்கழித்த குழுக்களில்தான் முழங்கை, முழங்கால் காயங்கள் அதிகம்.

மற்ற மாதங்களில் பள்ளி மைதானம், கோயில் திடல், மாவட்ட விளையாட்டு அரங்கம். இங்கே ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற இளைஞர்கள் ஏராளம். அவர்கள் கீழே இறங்கி வீடு சேர மாலையாகிவிடும். உங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் பயிற்சி நேரத்தை அவர்களை வைத்து முடிவுசெய்யுங்கள். தடுப்பாட்டம் ஏழு பேரும் சேர்ந்து பழக வேண்டியது. நான்கு பேர் மட்டும் வந்த நாளில் செயின் பழக முடியாது.

போட்டிகளில் கிலோ கபடி என்று எடை வாரியாக நடப்பவை உண்டு. புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. தன் எடைக்காரர்களுடன் மோதும்போதுதான் நுட்பம் வளரும். பதினாறு வயதுப் பையனைத் திறந்த பிரிவில் இறக்கி, 80 கிலோ ரைடரைப் பிடிக்கச் சொல்லும் பெரியவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

படி 3: உடம்பு

வாழைத்தார் சுமப்பவருக்கும் நெல் மூட்டை தூக்குபவருக்கும் முதுகு, தொடை பலம் ஓரளவு இயல்பாகவே இருக்கும். கபடிக்கு அதோடு வேண்டியவை மூன்று: உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் நகரும் கால், விடாத விரல்பிடி, வலுவான கழுத்து. ஜிம்முக்குப் போக வழியில்லாதவர் கயிறு ஏறலாம். ஈரத்துண்டை முறுக்கிப் பிடித்து நண்பரை இழுக்கச் சொல்லலாம். ஒருவரை முதுகில் சுமந்து தோப்பு வரப்பில் நடக்கலாம். கழுத்துப் பயிற்சியை மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. முட்டை, நிலக்கடலை, பயறு, தயிர், வாய்க்கும்போது கோழி. வாழைப்பழத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் குறைவே கிடையாது.

எடை பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. 55 கிலோப் பிரிவில் எடை நிற்க வேண்டும் என்று முந்தைய நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் மயக்கம் வரும், தசை பிடித்துக்கொள்ளும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வளரும் வயதில் எடை கூடுவது இயற்கை. கூடினால் அடுத்த பிரிவுக்குப் போங்கள். தடுப்பாட்டக்காரருக்கு எடை கூடுவது நல்லதுதான், 85 வரை இடம் இருக்கிறது.

படி 4: பிடி

இந்தப் படியில் வருடக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள்.

முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில், கைகள் முழங்காலுக்கு முன்னால், முதுகு நேராக. குதிகாலில் எடை போனால் ரைடரின் கால் நீளும்போது ஒரு நொடி தாமதமாகிவிடும். ரைடரின் கண்ணையும் கையையும் பார்க்காதீர்கள், இரண்டும் ஏமாற்றும். இடுப்பைப் பாருங்கள். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவார்.

கார்னரின் முதல் ஆயுதம் ஆங்கிள் ஹோல்டு. போனஸுக்கோ தொடுவதற்கோ ரைடர் காலை நீட்டும்போது அவருடைய எடை முழுவதும் பின்காலில் இருக்கும். அந்தக் கணத்தில் இரு கைகளாலும் கணுக்காலைக் கவ்வி, உங்கள் நெஞ்சை நோக்கி மேலே இழுக்க வேண்டும். காலைத் தரையோடு அழுத்தினால் அவர் உதறிவிடுவார். தரையை விட்டுத் தூக்கினால் உந்த அவருக்கு இடமிருக்காது. உங்கள் தலை அவர் காலுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் வைத்தால் அவர் முழங்கால் உங்கள் தாடையில் இறங்கும்.

அடுத்தது தை ஹோல்டு. ரைடர் திரும்பும்போது தொடையைக் கட்டி, தோளை இடுப்பில் கொடுத்துத் தள்ளும் பிடி இது. பேக் ஹோல்டு பின்னாலிருந்து இடுப்பை வளைத்துப் பிடிப்பது. எல்லையோரம் ஓடும் ரைடரைத் தோளால் மோதி வெளியே அனுப்புவது டேஷ். கவரின் சிறப்பு பிளாக். ரைடர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் பாதையில் நெஞ்சைக் கொடுத்து நின்று, அவர் வேகத்தையே அவருக்கு எதிராக்குவது.

ஒவ்வொன்றையும் முதலில் கால்வாசி வேகத்தில் பழகுங்கள். நண்பர் ரைடராக மெதுவாக வரட்டும். பிடி சரியாக விழும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். முழு வேகத்தில் தப்பாகப் பழகிய பிடியைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இனி செயின். கார்னரும் இன்னும், கவரும் சென்டரும் கைகோத்து நிற்பார்கள். விரல்களை விரல்களுக்குள் பின்னாதீர்கள், இழுபறியில் விரல் முறியும். நான்கு விரல்களையும் கொக்கியாக மடக்கி மாட்டுங்கள், வேண்டியபோது உடனே விடுபடும். கார்னர் பிடித்த அரை நொடிக்குள் பக்கத்துக் கவர் வந்து சேரவில்லை என்றால் நல்ல ரைடர் அவரை இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவார். தனியாள் பிடி கைதட்டலுக்கு நன்றாக இருக்கும், மேட்சை வெல்வது இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் வந்து சேர்வதால்தான்.

எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதில்தான் தடுப்பாட்டக்காரரின் அறிவு இருக்கிறது. ஒரு ரைடு 30 நொடி. தொழில்முறை ஆட்டத்தில் தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியில்லாமல் போனால் மூன்றாவது டூ ஆர் டை. அதில் ரைடர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவர் அவுட். ஆகவே முதல் இரண்டு ரைடுகளில் இடைவெளி விட்டு, தொடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். மூன்றாவதில் அவர் வேறு வழியின்றி ஆழமாக வருவார். அப்போது உங்கள் ஆட்டம். தப்பான பிடிக்குக் கொடுக்கும் விலையை நினைவில் வையுங்கள். பிடிக்கப் போய் அவர் கோட்டைத் தொட்டுவிட்டால், மேலே பட்ட அத்தனை பேரும் வெளியே போக வேண்டும்.

களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. தோற்கப் போகும் மேட்சைத் திருப்பியவை பெரும்பாலும் இவைதான். ஆனால் ஆள் குறைந்துவிட்ட பதற்றத்தில் பாய்ந்து ஆல் அவுட் ஆகிக் கூடுதலாக இரண்டு புள்ளி கொடுப்பதும் அதே அளவுக்கு நடக்கிறது.

செய்யவே கூடாதவை: வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது, கால்களால் கத்தரி போடுவது, முடியைப் பிடித்து இழுப்பது. விதிப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், ஒருவருடைய வாழ்நாளைக் கெடுக்கும் காயம் இவற்றால் வரும்.

மண்ணில் வளர்ந்தவர்கள் மேட் எனும் விரிப்புக் களத்துக்கு மாறும்போது திணறுவார்கள். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், ரைடர் திரும்பும் வேகம் கூடும், முழங்கால் தோல் உரியும். மாதம் ஓரிரு நாளாவது மேட் இருக்கும் கல்லூரிக்கோ அரங்குக்கோ போய் ஆடிப் பழகுங்கள். தேர்வுப் போட்டிகள் பெரும்பாலும் மேட்டில்தான் நடக்கின்றன.

படி 5: பள்ளி, கல்லூரி, சான்றிதழ்

கிராமத்துக் கோப்பைகள் பெயர் தரும், பரிசுப் பணம் தரும். வேலை வாங்கித் தருவது சான்றிதழ். இதை இங்குள்ள நல்ல ஆட்டக்காரர்கள் பலர் முப்பது வயதில்தான் உணர்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பள்ளியில் படிக்கும்போது குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளை விடாதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரலாம். தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுப் பிரிவு மூன்றிலும் கபடி உண்டு. படிப்பை விட்டவரும் பொதுப் பிரிவில் ஆடலாம்.

கல்லூரிக்குப் போங்கள். உத்தமபாளையத்தில் 1956 முதல் இயங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், போடியில் ஏலத்தோட்ட அதிபர்கள் சங்கக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்குள்ள கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின்கீழ் வருபவை. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தால் தென்மண்டலப் போட்டி, அதைத் தாண்டினால் அகில இந்தியப் போட்டி.

மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டுச் சான்றுகள் நான்கு படிவங்களில் இருக்கும். படிவம் 1 நாட்டுக்காக ஆடியதற்கு. 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு. 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. போட்டி முடிந்த உடனே உரியவரின் கையெழுத்தோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருடம் கழித்துக் கையெழுத்துத் தேடி அலைவது பெரும்பாடு. கூடவே மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தில் பதிவுசெய்துகொள்ளுங்கள். சப்-ஜூனியர், ஜூனியர் மாநிலத் தேர்வுகளுக்கு அந்த வழியாகத்தான் போக முடியும். வயது, எடை வரம்புகளை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதலில் வேலை

ரயில்வே, ராணுவம், காவல்துறை, வருமான வரித்துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் கபடி அணி வைத்திருக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. புரோ கபடி வருவதற்கு முன் இந்திய அணிக்கு ஆடியவர்கள் இந்த வேலைகளை நம்பித்தான் ஆடினார்கள். 1990 பெய்ஜிங்கில் கபடி முதன்முறையாக ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. அடுத்த 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தார். மறுவருட அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

லீக் ஒப்பந்தம் வந்தாலும் வேலை வாய்ப்பு வந்தால் விடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. தடுப்பாட்டக்காரருக்கு முதிர்ச்சி இருபத்தைந்துக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரை வீட்டில் அடுப்பெரிய மாதச் சம்பளம் வேண்டும். துறை அணியில் தினமும் பயிற்சியும் கிடைக்கும்.

படி 7: லீக்கும் ஏலமும்

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-இல் பன்னிரண்டானது, தமிழ் தலைவாஸ் வந்தது அப்போதுதான். அதன் முதல் பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன், முதல் சீசனில் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்.

உள்ளே போக இரண்டு வாசல். இளம் வீரர்களை அணிகள் ஏலத்துக்கு வெளியே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது ஒன்று. ஜூனியர் தேசியப் போட்டிகளையும், 23 வயதுக்குட்பட்டோருக்கான யுவா கபடி சீரிஸையும் அணிகளின் ஆட்கள் கவனிக்கிறார்கள். மற்றது ஏலம். அண்மைச் சீசன்களில் அடிப்படை விலை நான்கு பிரிவாக 30, 20, 13, 9 லட்சம். ஓர் அணி ஒரு சீசனுக்குச் செலவிடும் தொகை 5 கோடிக்குள் அடங்க வேண்டும்.

தடுப்பாட்டக்காரரின் மதிப்பு உயர்ந்த கதை மகிழ்ச்சி தருவது. 2018 ஏலத்தில் ஒரு கோடியை எட்டிய ஆறு பேரில் ஈரானின் லெஃப்ட் கார்னர் ஃபசல் அத்ராச்சலி மட்டுமே தடுப்பாட்டத்துக்காக வாங்கப்பட்டவர். அதே வருடம் ரைட் கார்னர் நிதேஷ் குமார் ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகள் எடுத்து, அதைச் செய்த முதல் ஆளானார். 2023-இல் இன்னொரு ஈரானிய லெஃப்ட் கார்னர் முகமதுரேசா ஷாத்லூயிக்குப் புனே கொடுத்தது 2.35 கோடி. அந்தச் சீசன் கோப்பை புனேவுக்கு, அடுத்த சீசன் அவர் போன ஹரியானாவுக்கு.

2021-22 சீசனில் டெல்லி கோப்பை வென்றபோது அதன் தடுப்பு வரிசையில் ஜோகிந்தர் நர்வால், மஞ்சீத் சில்லர் போன்ற மூத்தவர்களோடு தமிழ்நாட்டு கவர் ஜீவா குமாரும் இருந்தார். வயதானவர்களை எடுத்துவிட்டார்கள் என்று பேசப்பட்ட அணி அது.

பெண்களுக்கு

மேலே சொன்ன பிடிகள் அப்படியே பொருந்தும். களம் 12-க்கு 8 மீட்டர், எடை வரம்பு 75 கிலோ. 2016-இல் மூன்று அணிகளோடு ஒரு மகளிர் தொடர் நடந்தது, அதை லீக் தொடர்ந்து நடத்தாதது நியாயமில்லை. ஆகவே பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் துறை வேலையும்தான் உறுதியான வழி. கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுத் தங்கத்தோடு வந்த பிறகு, மகளை அனுப்பத் தயங்கிய வீடுகளில் பேசிப் பார்ப்பது எளிதாகியிருக்கிறது.

காயம்

முழங்கால் லிகமென்ட், தோள்மூட்டு விலகல், விரல் முறிவு, கணுக்கால் பிசகு. இவை கட்டாயம் வரும் என்று எண்ணியே தயாராகுங்கள். 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் மேட்சிலேயே முழங்காலில் அடிபட்டுச் சீசன் முழுக்க ஆடவில்லை. முழங்காலில் பட்டென்ற சத்தம் கேட்டு உடனே வீங்கினால் எண்ணெய் தடவி நீவிவிடாதீர்கள். ஐஸ் வைத்து, அசையாமல் கட்டி, கானாவிலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். லிகமென்ட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். ஐந்தாம் மாதமே வலி போய்விடும், அப்போது கோயில் திருவிழா மேட்ச் ஒன்று அழைக்கும். போகக் கூடாது. கழுத்தில் அடிபட்டு கை கால் மரத்தவரை யாரும் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. பலகையில் கிடத்தியே கொண்டுபோங்கள்.

ஆட்டம் ஓய்ந்த பிறகு

நடுவர் தேர்வை ஆடும்போதே எழுதலாம். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் களத்திலும் நன்றாக ஆடுவார். பயிற்சியாளராக விரும்புவோருக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. பட்டதாரிகள் உடற்கல்வியியல் படித்தால் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகலாம். இந்தப் பள்ளத்தாக்கில் ரைடு கற்றுத்தர அண்ணன்மார் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். செயின் எப்படிக் கோக்க வேண்டும், இரண்டாவது ஆள் எந்த நொடியில் வந்து சேர வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்கள் மிகக் குறைவு. அந்த வேலைக்குத் தேவாரமும் சின்னமனூரும் கூடலூரும் இப்போதே ஆள் தேடுகின்றன.